கெமிஸ்ட்ரி படித்து கோர்ட்டுக்குப் போனவர்

"மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை எழுதிக் கொடுங்க" என்று சங்கத்தார் கேட்டார்கள். ராஜராஜ சோழனை என்னைவிட நன்றாக எழுதக்கூடிய சீனியர்கள் நம்மில் இருக்கிறார்கள். எனவே நான் ஒரு வக்கீலைப் பற்றி எழுதுகிறேன். இஞ்சினியருக்கு வக்கீலோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள், அவரும் நம்மைப் போல லேபிலிருந்து வெளியே வந்தவர்தான்.

பெயர் ஸ்டீவன் வைஸ். 1950-ல் அமெரிக்காவில் பிறந்தவர். காலேஜில் எடுத்தது கெமிஸ்ட்ரி. வியட்நாம் போர் எதிர்ப்பில் இறங்கியதில் அரசியல் ஆர்வம் வந்து, 1976-ல் பாஸ்டனில் சட்டப் பட்டம் பெற்றார். பீட்டர் சிங்கரின் 'அனிமல் லிபரேஷன்' புத்தகம் கைக்கு வந்ததும் மிருகங்களுக்காக வாதாட ஆரம்பித்தார். கோர்ட்டுக்குள் நுழைந்தால் சக வக்கீல்கள் நாய் மாதிரி குரைத்துக் காட்டுவார்களாம்! நாமாக இருந்தால் மறுநாளே வேறு வேலை தேடியிருப்போம்.

பல வருஷ அனுபவத்தில் அவருக்குப் புரிந்தது இதுதான். சட்டத்தின் கண்ணில் உலகில் இரண்டே வகை: நபர், பொருள். 'நபர்' மனிதராக இருக்க வேண்டியதில்லை. கம்பெனி ஒரு நபர். நம்ம ஊர் சட்டப்படி கோயில் மூலவரும் சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம். ஆனால் மிருகம்? நாற்காலி, மேஜை மாதிரி ஒரு பொருள். வதைத் தடுப்புச் சட்டம் எத்தனை வந்தாலும் அந்தக் கோடு மாறாது.

அந்தக் கோட்டைத் தாண்ட அவர் பிடித்த வழி 1772-ல் லண்டனில் நடந்த ஒரு வழக்கு. ஜமைக்காவுக்கு விற்க கப்பலில் பூட்டி வைத்திருந்த ஜேம்ஸ் சாமர்செட் என்ற அடிமைக்காக ஆட்கொணர்வு மனு போட்டார்கள். நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு விடுதலை செய்தார். 'பொருளாக' இருந்த மனிதர் நபராக வெளியே நடந்தார்.

2013 டிசம்பரில் அதே மனுவை நியூயார்க் மாநிலத்தில் கூண்டில் தனியாக இருந்த டாமி என்ற சிம்பன்ஸிக்காக வைஸ் போட்டார். தோல்வி. மறு வருஷம் அப்பீலிலும் தோல்வி. கடமைகளைச் சுமக்க முடியாத சிம்பன்ஸிக்கு உரிமையும் இல்லை என்றது கோர்ட். (என் வீட்டில் இரண்டு வயசுப் பையன் இருக்கிறான். அவன் என்ன கடமையைச் சுமக்கிறான்? ஆனாலும் உரிமை இருக்கே!) 2018-ல் மாநிலத்தின் உச்ச கோர்ட் வழக்கை எடுக்க மறுத்தது. ஆனால் நீதிபதி யூஜீன் ஃபாஹி தனியாக எழுதினார்: சிம்பன்ஸி நபரா என்பது வாதத்துக்கு உரியது, வெறும் பொருள் இல்லை என்பதில் சந்தேகமே இல்லை. முன்பு அனுமதி மறுத்தது சரிதானா என்று தான் தவித்ததாகவும் ஒப்புக்கொண்டார்.

பிறகு ஹேப்பி. ஆசியாவில் பிடிக்கப்பட்டு, 1977 முதல் பிராங்க்ஸ் மிருகக்காட்சிசாலையில் இருந்த யானை. நெற்றியில் போட்ட குறியைக் கண்ணாடியில் பார்த்துத் தன் தும்பிக்கையால் தொட்டுப் பார்த்தது. அது தன்னையே அடையாளம் கண்டதற்குச் சான்று என்றார்கள் விஞ்ஞானிகள். 2022 ஜூன் 14 அன்று அதற்கும் தோல்விதான், ஆனால் 5-க்கு 2. எதிர்த்து எழுதிய இருவரில் ரோவன் வில்சன் அடுத்த வருஷமே அந்தக் கோர்ட்டின் தலைமை நீதிபதி ஆனார்.

வைஸ் 2024 பிப்ரவரியில் காலமானார். கொலராடோவில் ஐந்து யானைகளுக்காக அவருடைய அமைப்பு நடத்திய வழக்கும் 2025 ஜனவரியில் தோற்றது. ஆனால் இப்போது கோர்ட்டில் யாரும் குரைப்பதில்லை, பக்கம் பக்கமாகத் தீர்ப்பு எழுதித்தான் மறுக்கிறார்கள்.