வெந்தயமும் இப்னு ஸீனாவும்: நீரிழிவின் வரலாறு தரும் பாடம்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமழானில் என் தாய்மாமா நீரிழிவு மாத்திரையை நிறுத்திவிட்டார். "நோன்புக் கஞ்சியில் வெந்தயம் இருக்கிறது, ஸஹரில் பட்டைத் தண்ணீர் குடிக்கிறேன், வேறென்ன வேண்டும்?" என்பது அவருடைய வாதம். ஷவ்வால் பிறை தென்பட்டபோது அவருடைய காலில் ஆறாத புண். இறுதியில் இரண்டு விரல்களை அகற்ற வேண்டியதாயிற்று. "நம் முன்னோர் வெந்தயத்தாலேயே குணமடைந்தார்களே" என்று அவர் வருந்தியது, அந்த முன்னோர் உண்மையில் என்ன எழுதினார்கள் எனத் தேட என்னைத் தூண்டியது.

புகாராவுக்கு அருகில் கி.பி. 980இல் பிறந்த இப்னு ஸீனா (ரஹ்), தம் 'அல்கானூன் ஃபித்திப்' எனும் மருத்துவப் பெருநூலை ஏறத்தாழ 1025இல் நிறைவு செய்தார். 12ஆம் நூற்றாண்டில் லத்தீனில் பெயர்க்கப்பட்ட அந்நூல், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் 17ஆம் நூற்றாண்டு வரை பாடமாக இருந்தது. நீரிழிவுக்கு அரபு மருத்துவர்கள் வழங்கிய பெயர்களுள் ஒன்று 'தூலாப்'. நீர் இறைக்கும் சக்கரம் என்பது அதன் பொருள். குடித்த நீர் உடலில் தங்காமல் உடனே வெளியேறுவதால் இந்த உவமை பிறந்தது. அடங்காத பசி, உடல் தளர்ச்சி, சதை அழுகிப் போதல் ஆகியவற்றை இந்நோயுடன் தொடர்புபடுத்திய முன்னோடி என மருத்துவ வரலாற்றாசிரியர்கள் அவரைப் போற்றுகின்றனர். என் மாமாவின் காலுக்கு நேர்ந்தது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறியப்பட்ட ஆபத்தாகும்.

அவர் பரிந்துரைத்ததாகக் கூறப்படும் கலவையில் 'துர்முஸ்' எனும் பயறு, கிச்சிலிக்கிழங்கு வகை ஒன்று, நாம் வெந்தயம் என அழைக்கும் 'ஹுல்பா' ஆகிய மூன்றும் இடம்பெறுகின்றன. அக்காலத்தில் அதனினும் சிறந்த மருந்து இருக்கவில்லை. இன்சுலின் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செலுத்தப்பட்டது 1922 ஜனவரியில், டொராண்டோ நகரில். அதுவரை, கடும் நீரிழிவுக்கு ஆளான சிறுவர்கள் நெடுநாள் வாழ்வது அரிதாகவே இருந்தது.

அப்படியாயின் வெந்தயம் வீணா? இல்லை. அதன் வழவழப்பான நார்ப்பொருள், உணவிலுள்ள சர்க்கரை குருதியில் கலக்கும் வேகத்தைக் குறைக்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 1990இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகளின் வெறும்வயிற்றுச் சர்க்கரை குறைந்தது. ஆனால் அவர்கள் நாளொன்றுக்கு உண்டது கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடி 100 கிராம்! நாம் ஊறவைப்பதோ ஒரு தேக்கரண்டி. நம் நோன்புக் கஞ்சியில் வெந்தயம் சிறிதளவே; பெரும்பகுதி பச்சரிசி. அந்தச் சிறிதளவு, இரண்டு கோப்பைக் கஞ்சியின் மாவுச்சத்தை ஈடுசெய்யாது.

பட்டையின் கதையும் அத்தகையதே. 2003இல் 60 பேரிடம் 40 நாள்கள் நடந்த ஒரு பாகிஸ்தான் ஆய்வு நம்பிக்கை அளித்தது. பின்னர் 10 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2012ஆம் ஆண்டு மதிப்பாய்வு, நீரிழிவுக்குப் பட்டையைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என முடிவுரைத்தது.

"கருஞ்சீரகத்தில் மரணத்தைத் தவிர அனைத்துக்கும் நிவாரணம் உண்டு என ஹதீஸில் வந்துள்ளதே" எனச் சிலர் கேட்கலாம். அங்கு 'அனைத்தும்' என்பது பொதுச்சொல்லாயினும் குறிப்பிட்ட வகை நோய்களையே கருதியது என இமாம் கத்தாபி (ரஹ்) விளக்கியுள்ளார்கள். மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்களும் அதே நபி (ஸல்) அவர்களே.

இன்னொரு செய்தி நம் சிந்தனைக்குரியது. பலர் அஞ்சி ஒதுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையின் வேரும் ஒரு மூலிகையே. ஐரோப்பியர் பண்டைக்காலத்தில் பயன்படுத்திய கலேகா எனும் செடியின் வேதிப்பொருளிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சியே அம்மாத்திரைக்கு வழிவகுத்தது. அச்செடி வெந்தயத்தின் குடும்பத்தைச் சேர்ந்ததே. எனவே மாத்திரையை உட்கொள்பவர் முன்னோர் வழியைக் கைவிட்டவர் ஆகார்.

ஆகவே வெந்தயத்தை உணவாக உண்போம். மருந்தை மருந்தாக உட்கொள்வோம். மருந்துடன் வெந்தயத்தை மிகுதியாகச் சேர்த்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடும் என்பதால், அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது. ரமழானுக்குச் சில வாரங்களுக்கு முன்பே அவரைக் கண்டு, நோன்பு நோற்கலாமா, மாத்திரை வேளைகளை எவ்வாறு மாற்றுவது எனக் கேளுங்கள். நோயாளிக்கு அல்லாஹ் வழங்கிய சலுகையை ஏற்பதில் இழிவேதுமில்லை. நம் உடல் அவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தை வழங்குவானாக. ஆமீன்.