சித்திரகவி

சித்திரகவி என்பது எழுத்துகளையும் சொற்களையும் ஓர் ஒழுங்கிற்குக் கட்டுப்படுத்தி, படிப்போர் விடுவிக்கத்தக்க புதிர்போல் இயற்றப்படும் தமிழ்ச் செய்யுள் வகையாகும். ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் எனப்படும் நால்வகைக் கவிகளுள் இது மூன்றாவது. இயற்றுவதும் பொருள் காண்பதும் அரிது என்பதால் மிறைக்கவி என்றும் பெயர் பெற்றது. ஆங்கிலச் சொல் விளையாட்டுகளில் ஈடுபாடுடையோர் விரும்பும் பல உத்திகளுக்கு இணையானவை இவ்வகைச் செய்யுள்களில் உள்ளன. இவற்றின் பழைய எடுத்துக்காட்டுகள் பல சிதம்பரத்திற்குத் தெற்கே, கொள்ளிடத்திற்கு அப்பால் உள்ள சீர்காழியில் பிறந்த திருஞானசம்பந்தரின் தேவாரத்தில் காணப்படுகின்றன.

இலக்கணம்

வடமொழிக் காவியாதர்சத்தைத் தழுவி 12ஆம் நூற்றாண்டில் எழுந்த தண்டியலங்காரம், சொல்லணியியலில் பன்னிரண்டு வகைச் சித்திரகவிகளைக் கூறுகிறது. அவை: கோமூத்திரி, கூடசதுக்கம், மாலைமாற்று, எழுத்து வருத்தனம், நாகபந்தம், வினாவுத்தரம், காதைகரப்பு, கரந்துறைச் செய்யுள், சக்கரம், சுழிகுளம், சருப்பதோபத்திரம், அக்கரச்சுதகம். 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மாறனலங்காரம் இவற்றை மேலும் விரித்துரைக்கிறது.

இவற்றுள் நாகபந்தம், சக்கரம் போன்றவை பாம்பு, சக்கரம் ஆகிய உருவங்களில் எழுதத்தக்கவை. கூடசதுக்கத்தில் நான்காம் அடியின் எழுத்துகள் முதல் மூன்று அடிகளுக்குள் மறைந்திருக்கும். சொல்லின் நீளத்தை வைத்து ஆடும் வகைகள் பின்வரும் மூன்றாகும்.

எழுத்து வருத்தனம்: ஒரு சொல் ஒவ்வோர் எழுத்தாக வளர்ந்து வெவ்வேறு பொருள் தருவது. வருத்தனம் என்பதற்கு இங்கு வளர்த்தல் என்பது பொருள். தண்டியலங்கார எடுத்துக்காட்டுச் செய்யுளின் விடைகள் கம், நகம், கநகம், கோகநகம் என்பன. இவை முறையே சங்கு, மலை, பொன், தாமரை எனப் பொருள்படும். இன்றைய வழக்குச் சொற்களிலும் இதனைக் காணலாம்: தை, விதை, கவிதை.

அக்கரச்சுதகம்: இதன் மறுதலை. நீண்ட சொல்லிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக நீக்க, எஞ்சியதும் பொருளுள்ள சொல்லாக நிற்கும். தண்டியலங்காரம் காட்டும் சொற்கள் கனகாரி, நகாரி, காரி என்பன. கனகனாகிய இரணியனுக்குப் பகைவரான நரசிங்கரையும், கிரவுஞ்ச மலைக்குப் பகைவரான முருகனையும், ஐயனாரையும் இவை குறிக்கின்றன.

வினாவுத்தரம்: பல வினாக்களின் விடைகளைச் சேர்த்தால் ஒரு நீண்ட சொல் கிடைப்பது. திருமகளின் பெயர் யாது? திரு. போகின்றவனை ஏவும் சொல் யாது? ஏகு. கணையின் பெயர் யாது? அம்பு. அழகின் பெயர் யாது? அம். இந்நான்கும் புணர்ந்து, காஞ்சிபுரத்தில் சிவன் உறையும் இடமாகிய திருவேகம்பம் என்னும் பெயரைத் தருகின்றன.

சம்பந்தரின் பதிகங்கள்

தண்டியலங்காரத்திற்கு ஐந்து நூற்றாண்டுகள் முற்பட்டவர் சம்பந்தர். காலம் கி.பி. 7ஆம் நூற்றாண்டு. அவருடைய பாடல்கள் முதல் மூன்று திருமுறைகளாகத் தொகுக்கப்பட்டுள்ளன. சீர்காழிக்குப் பிரமபுரம், வேணுபுரம், புகலி, வெங்குரு, தோணிபுரம், பூந்தராய், சிரபுரம், புறவம், சண்பை, சீகாழி, கொச்சைவயம், கழுமலம் எனப் பன்னிரு பெயர்கள் உண்டு. ஒரே ஊருக்கு அமைந்த இப்பெயர் வரிசையே பல சித்திரகவிகளுக்கு அடிப்படையாயிற்று.

* ஏகபாதம் (முதல் திருமுறை): ஒரே அடி நான்கு முறை வரும். சொற்களைப் பிரிக்கும் முறையால் ஒவ்வொரு முறையும் வேறு பொருள் தரும்.
* திருவெழுகூற்றிருக்கை (முதல் திருமுறை): ஒன்றிலிருந்து ஏழு வரை எண்கள் படிப்படியாக ஏறியும் இறங்கியும் வரும்.
* மொழிமாற்று (முதல் திருமுறை): சொற்கள் இடம் மாறி நிற்கும். உரிய இடத்தில் அமைத்தால்தான் பொருள் விளங்கும்.
* மாலைமாற்று (மூன்றாம் திருமுறை): 11 பாடல்கள். ஒவ்வொன்றையும் ஈற்றிலிருந்து படித்தாலும் அதே பாடல் வரும்.

சிதம்பரமும் ஓலைச்சுவடிகளும்

தேவாரச் சுவடிகள் சிதம்பரம் நடராசர் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்ததாகவும், சோழ மன்னன் திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியின் துணையுடன் அவற்றை வெளிக்கொணர்ந்ததாகவும் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. இம்மன்னனை முதலாம் இராசராசன் என்பர். திருநாரையூர் கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில் அருகே உள்ளது. இப்புராணத்தை இயற்றியவராகக் கருதப்படும் உமாபதி சிவாசாரியார் சிதம்பரத்தை அடுத்த கொற்றவன்குடியில் வாழ்ந்தவர். சுவடிகளுள் பெரும்பகுதியைக் கறையான் அரித்துவிட்டதாகவும் எஞ்சியவையே தொகுக்கப்பட்டதாகவும் இவ்வரலாறு தெரிவிக்கிறது. சம்பந்தர் பாடியவையாக இன்று கிடைப்பவை 380க்கும் மேற்பட்ட பதிகங்கள்.

இப்பின்னணியில் சித்திரகவியின் ஒரு பயன் கருதத்தக்கது. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகார வேறுபாடும் காட்டப்படுவதில்லை. படியெடுப்போர் எழுத்துகளை விட்டுவிடுதலும் நேரும். சாதாரணப் பாடலில் விடுபட்ட எழுத்தை ஊகித்தே அறிய வேண்டும். மாலைமாற்றில் ஒரு பாதி அழிந்தாலும் மறுபாதியைத் திருப்பி எழுதி அதனை மீட்கலாம். ஏகபாதத்தில் ஓரடி எஞ்சினாலும் முழுப்பாடலும் எஞ்சியதாகும். விளையாட்டெனத் தோன்றும் கட்டுப்பாடு, பாடத்தைக் காக்கும் பூட்டாகவும் அமைகிறது.

ஆங்கிலச் சொல் விளையாட்டுகளுடன் ஒப்பீடு

அக்கரச்சுதகம் போன்ற ஆட்டம் ஆங்கிலத்திலும் உண்டு. திடுக்கிடச் செய்வது எனப் பொருள்படும் ஸ்டார்ட்லிங் என்னும் 9 எழுத்துச் சொல்லில் ஒவ்வோர் எழுத்தாக நீக்கினால் ஸ்டார்ட்டிங், ஸ்டேரிங், ஸ்ட்ரிங், ஸ்டிங், சிங், சின், இன், ஐ என்னும் சொற்கள் வரிசையாகக் கிடைக்கும்.

நீண்ட சொற்களைத் தேடுவதும் ஆங்கிலத்தில் தனி ஆர்வமாகும். நுண்ணிய சிலிக்காத் தூசியால் வரும் நுரையீரல் நோயைக் குறிக்கும் நிமோனோஅல்ட்ராமைக்ராஸ்கோபிக்சிலிகோவால்கேனோகோனியோசிஸ் என்னும் சொல்லில் 45 எழுத்துகள் உள்ளன. மிக நீண்ட சொல்லாக இருக்கவேண்டும் என்பதற்காகவே அமெரிக்கப் புதிர் ஆர்வலர்கள் சங்கத்தில் 1930களில் ஆக்கப்பட்ட இச்சொல், பின்னர் ஆக்சுபோர்டு அகராதியிலும் இடம்பெற்றது. ஒன்றைப் பயனற்றதென மதிப்பிடுதலைக் குறிக்கும் ஃபிளாக்சினாசினிஹிலிபிலிஃபிகேஷன் 29 எழுத்துகள் கொண்டது. சேக்சுபியர் தம் நாடகமொன்றில் ஆண்ட ஹானரிஃபிகாபிலிடியூடினிடாடிபஸ் 27 எழுத்துகள் கொண்டது. அதில் மெய்யும் உயிரும் மாறி மாறி வருகின்றன.

தமிழில் இத்தகைய போட்டிக்கு இடம் குறைவு. பெயரும் வினையும் உருபுகளையும் விகுதிகளையும் ஏற்று நீண்டுகொண்டே செல்லும் இயல்புடையவை; ஆகவே நீளம் மட்டும் அரிய பண்பாகாது. எந்த எழுத்தைச் சேர்த்தால் பொருள் மாறுகிறது என்பதே தமிழ்ப் புலவர்களின் ஆட்டமாயிற்று.

எழுத்து என்னும் அலகும் இரு மொழிகளில் வேறுபடுகிறது. தமிழில் உயிர்மெய் ஓரெழுத்தாகவே எண்ணப்படும். விகடகவி என்னும் சொல் ஐந்தெழுத்துகளால் ஆன மாலைமாற்று. அதையே உரோமன் எழுத்துகளில் எழுதித் திருப்பினால் அப்பண்பு மறைந்துவிடும். மேலும் தமிழ்ச்சொல் மெய்யெழுத்தில் தொடங்குவதில்லை. ஆகையால் மாலைமாற்றாக அமையும் தொடர் மெய்யில் முடியவும் இயலாது.

கணினியில்

ஒருங்குறி முறையில் உயிர்மெய்க் குறியீடுகள் தனிக் குறிகளாகச் சேமிக்கப்படுகின்றன. இதனால் தை, விதை, கவிதை ஆகியவற்றின் நீளம் 1, 2, 3 என்பதற்கு மாறாக 2, 4, 5 எனக் கணக்கிடப்படும். விகடகவி ஏழு குறிகளாகும். அக்குறிகளை அப்படியே திருப்பினால் சொல் சிதைந்துவிடும். தமிழ்ச் சொல் விளையாட்டுகளுக்கு நிரல் எழுதுவோர் முதலில் உயிர்மெய்களைப் பிரித்தறிதல் இன்றியமையாதது.

பிற்காலம்

திருமங்கையாழ்வாரும் அருணகிரிநாதரும் திருவெழுகூற்றிருக்கை இயற்றியுள்ளனர். பாம்பன் சுவாமிகள் சதுரங்க பந்தம் முதலியவற்றைப் பாடினார். பரிதிமாற்கலைஞர் (1870–1903) சித்திரகவி விளக்கம் என்னும் நூலை எழுதினார். பொருளாழத்தைவிடச் சொல்வித்தைக்கு முதலிடம் தருவதாக இவ்வகைப் பாக்கள் குறைகூறப்பட்டதும் உண்டு. எனினும் சம்பந்தரின் மாலைமாற்று, தேவாரத்தின் பகுதியாக இன்றும் ஓதப்படுகிறது.