துவர்ப்பின் வரலாறு

ஆம்பூருக்கு அருகே மலையாம்பட்டில் உள்ளது ஆர்மாமலை. அதன் குகையில் 8-ஆம் நூற்றாண்டளவிலான சமண ஓவியங்களின் எச்சங்களைக் காணலாம். அம்மலையைச் சூழ்ந்த பாலாற்று நிலத்தில் பிற்காலத்தே ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனத் தோல் பதனிடும் ஊர்கள் எழுந்தன. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்டோர்க்கு இத்தொழில் உவப்பானதன்று. எனினும், அதற்கு அடிப்படையாயிருந்த துவர்ப்பு அருக நெறியின் தத்துவச் சொல் ஒன்றையும் விளக்கவல்லது.

குரோமிய உப்புகள் வருமுன் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரிலேயே இங்குத் தோல் பதமாயிற்று. அவற்றிலுள்ள டானின் தோலின் புரதத்தைப் பிணைத்து, அழுகாமற் காக்கிறது. கடுக்காயை மெல்லும்போது நிகழ்வதும் ஏறக்குறைய அதுவே: உமிழ்நீரின் புரதங்களை டானின் பிணைத்துவிட, வழுவழுப்பு நீங்கி, நாவும் கன்னத்தின் உட்புறமும் இறுகி வறள்கின்றன. ஆதலின் துவர்ப்பு பெரிதும் தொடுவுணர்வே என்பர் இக்கால உடலியலார் பலர். சமண நூல்களோ அதனை ஐஞ்சுவையுள் ஒன்றாக எண்ணின. உயிர்களை அறிவுவகையால் அடுக்குங்கால் மெய்யறிவை முதலாகவும் நாவறிவை இரண்டாவதாகவும் வைப்பதில் அந்நூல்களும் தொல்காப்பியமும் ஒன்றுபடுகின்றன. அவ்விரண்டின் எல்லையில் நிற்பது துவர்ப்பு.

வடமொழியில் இதன் பெயர் கஷாயம். சினம், செருக்கு, வஞ்சம், பேராசை ஆகிய நான்கிற்கும் சமணர் இட்ட பெயரும் அதுவே. ஆல் முதலியவற்றின் துவர் ஒட்டுதற்கு ஏதுவாவதுபோல, சினம் முதலியன உயிரில் வினை ஒட்டுதற்கு ஏதுவாகின்றன என்று தத்துவார்த்த சூத்திரத்திற்கு உரைகண்ட பூஜ்யபாதர் விளக்கினார். பட்டைத் தொட்டியில் கைதோய்த்த தொழிலாளிக்கு இவ்வுவமை சொல்லாமலே விளங்கியிருக்கும்.

சமணர் எண்ணிய ஐஞ்சுவையுள் உவர்ப்பு தனியே இடம்பெறுவதில்லை. பாலாற்றங்கரைக் கிணறுகள் பலவற்றிலோ அதுவே மேலோங்கிற்று. பச்சைத்தோலைக் காக்கத் தூவிய உப்பு, கழுவுநீரோடு மண்ணில் இறங்கியது. நீர் கெட்டதை அறிய ஊர்மக்களுக்குக் கருவி வேண்டியிருக்கவில்லை. தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முற்றுமோ பயிருக்கு உதவாமற்போனதை 1996 ஆகஸ்ட் 28-இல் உச்சநீதிமன்றம் தன் தீர்ப்பிற் பதிந்தது.

பட்டையின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்ட குரோமியம் நீரிற் சிறிதளவு கலந்தால் நாவுக்குப் புலப்படாது. அதன் ஆறிணைதிற வடிவம் மெய்யை உறுத்துவது; தொடுவோர் சிலர்க்கு ஒவ்வாமையால் கை சிவந்து தடித்து வெடிக்கும்.