'அண்ணா, நான் என்ன கோர்ஸ் எடுக்கட்டும்?' - பிளஸ் 2 முடிப்பவருக்கு நீங்கள் உதவுவது எப்படி?

மே மாதம் வந்தால் போதும், வேலையில் இருக்கும் உங்களுக்கு ஊரிலிருந்து போன் வரத் தொடங்கிவிடும். சித்தி மகன், அத்தை மகள், பக்கத்து வீட்டுத் தம்பி என்று யாராவது ஒருவர் பிளஸ் 2 முடித்திருப்பார். "நீதான் பெங்களூருல நல்ல வேலைல இருக்கியே, இவன எதுல சேர்த்தா நல்லா இருக்கும்னு நீயே சொல்லு."

கேட்பவர்கள் எதிர்பார்ப்பது ஒரு கோர்ஸின் பெயர். ஐடியில் இருப்பவர் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்பார், வங்கியில் இருப்பவர் பி.காம் என்பார். ஆனால் நீங்கள் கல்லூரியில் சேர்ந்தபோது இருந்த நிலவரம் இன்று இல்லை. 2022-க்கு முன்பு மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான சியுஇடி தேர்வே கிடையாது. இன்று சேரும் மாணவர் வேலை தேடப்போவது இன்னும் மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்து. இதற்கிடையில் பல வீடுகளில் நகை அடகுக்குப் போகும், கடன் பத்திரத்தில் கையெழுத்து விழும்.

அதனால் உங்கள் கருத்தைவிட அந்தக் குடும்பத்துக்கு அதிகம் உதவக்கூடியது, சரியான தகவலை எங்கே, எப்படித் தேடுவது என்ற உங்கள் பழக்கம்தான். எதையெல்லாம் தேட வேண்டும் என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் மாணவரிடம் என்ன கேட்பது?

"உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டால் பெரும்பாலும் "தெரியல" என்றுதான் பதில் வரும். அதில் தவறு எதுவும் இல்லை. அந்தப் படிப்பில் என்ன சொல்லித் தருவார்கள் என்று அவர் இதுவரை பார்த்ததே இல்லை.

எனவே பாடத்திட்டத்தைத் திறந்து காட்டுங்கள். பல்கலைக்கழக இணையதளங்களில் செமஸ்டர் வாரியாக அது கிடைக்கும். 'செயற்கை நுண்ணறிவு மற்றும் தரவு அறிவியல்' பி.டெக்கும், வழக்கமான கம்ப்யூட்டர் சயின்ஸும் எத்தனை பாடங்களில் வேறுபடுகின்றன என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயரில் தெரியும் வித்தியாசம் சில கல்லூரிகளில் பாடங்களில் அவ்வளவாக இருக்காது.

அடுத்து, ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் தளத்தில் அந்தத் துறையின் தொடக்கநிலை வகுப்புகள் இலவசமாக இருக்கின்றன. இரண்டு, மூன்று வீடியோக்களை அவரே பார்க்கட்டும். எல்லாம் புரிய வேண்டும் என்பதில்லை. மேலும் பார்க்கத் தோன்றுகிறதா, இல்லையா என்பதே போதுமான பதில்.

எந்தப் படிப்புக்கு எந்த வழி?

மதிப்பெண் நன்றாக இருந்தும் வாய்ப்பு நழுவிப்போவதற்கு முக்கியக் காரணம், விண்ணப்பிக்கும் தேதி முடிந்துபோவது. பிளஸ் 2 ரிசல்ட் வந்த பிறகு யோசிக்கலாம் என்றால் பல கதவுகள் அதற்குள் மூடியிருக்கும்.

* என்ஐடி, ஐஐஐடி: ஜேஇஇ மெயின் தேர்வு. வழக்கமாக ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு முறை நடக்கிறது. இதில் முன்னிலை பெறும் சுமார் 2.5 லட்சம் பேர் ஐஐடிகளுக்கான ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதலாம். ரேங்க் மட்டும் போதாது. பிளஸ் 2-வில் 75% (எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 65%) அல்லது அந்தந்த போர்டில் முதல் 20 பர்சன்டைலுக்குள் இருக்க வேண்டும்.

* தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள்: கிளாட் தேர்வு. அண்மை ஆண்டுகளில் டிசம்பரிலேயே, அதாவது பிளஸ் 2 பொதுத்தேர்வுக்கு முன்பே நடந்துவிடுகிறது.

* மத்தியப் பல்கலைக்கழகங்கள்: சியுஇடி தேர்வு. டெல்லி பல்கலைக்கழகம், திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் உள்ளிட்டவை இதன் வழியே மாணவர்களைச் சேர்க்கின்றன. தமிழ் உள்பட 13 மொழிகளில் எழுதலாம்.

* தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு: நுழைவுத் தேர்வு இல்லை, பிளஸ் 2 மதிப்பெண் மட்டுமே. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5% உள்ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் பெறுவோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

* ஐஐடி மெட்ராஸின் தரவு அறிவியல் பிஎஸ் பட்டம்: ஜேஇஇ தேவையில்லை. சில வாரங்கள் ஆன்லைனில் படித்து, தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. டெல்லி பல்கலைக்கழகத்தில் பி.ஏ. பொருளாதாரம் ஹானர்ஸ் சேர சியுஇடியில் கணிதம் கட்டாயம். அங்கே பிளஸ் 2-வில் படித்த பாடங்களில்தான் சியுஇடியும் எழுதியிருக்க வேண்டும். ஆக, கணிதம் இல்லாத குரூப்பை எடுத்தவருக்கு அந்தக் கதவு பிளஸ் 1-லேயே மூடிவிடுகிறது. உங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பு முடித்தவர் இருந்தால், இந்தப் பேச்சை அவரிடம் இப்போதே தொடங்கலாம்.

கட்-ஆஃபை எப்படிப் படிப்பது?

தமிழ்நாட்டுப் பொறியியல் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. ஒரு மாணவர் கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 எடுத்தால் 92 + 42 + 44 = 178. அதாவது கணிதத்தில் கூடும் ஒரு மதிப்பெண், மற்ற இரண்டு பாடங்களில் கூடும் ஒரு மதிப்பெண்ணைப் போல இரண்டு மடங்கு பலன் தரும்.

"178-க்கு எந்த காலேஜ் கிடைக்கும்?" என்று வாட்ஸ்அப் குரூப்பில் கேட்பதைவிட, முந்தைய ஆண்டுகளில் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, எந்த வகுப்பினருக்கு எவ்வளவில் முடிந்தது என்ற பட்டியலைப் பாருங்கள். என்ஐடி, ஐஐடிகளுக்கு ஜோசா இணையதளத்தில் தொடக்க ரேங்க், இறுதி ரேங்க் இரண்டும் இருக்கும். என்ஐடிகளில் பாதி இடங்கள் அந்தந்த மாநிலத்தவருக்கு என்பதால், திருச்சி என்ஐடிக்கு உங்கள் தம்பி பார்க்க வேண்டியது 'ஹோம் ஸ்டேட்' வரிசையைத்தான். ஒரே ஆண்டை வைத்து முடிவு செய்யாமல் மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

அங்கீகாரம்: எது எதைச் சொல்கிறது?

கல்லூரி விளம்பரங்களில் வரும் சுருக்கெழுத்துகள் எல்லாமே ஒன்று போலத் தெரியும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு.

யுஜிசி: 1956-ம் ஆண்டு சட்டப்படி யார் பட்டம் வழங்கலாம் என்பது இதன் வரம்புக்குள் வருகிறது. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் இதுவே வெளியிடுகிறது.

ஏஐசிடிஇ: பொறியியல் போன்ற தொழில்நுட்பப் படிப்புகளுக்கு அனுமதி தரும் அமைப்பு. 2024-25 முதல் பிபிஏ, பிசிஏ படிப்புகளும் இதன் கீழ் வந்துவிட்டன.

நாக்: கல்லூரி முழுமைக்கும் தரப்படும் தரமதிப்பு.

என்பிஏ: தனித்தனிப் படிப்புக்குத் தரப்படும் அங்கீகாரம். 'எங்கள் கல்லூரிக்கு என்பிஏ உண்டு' என்றால், நீங்கள் சேரும் பிரிவுக்கு உண்டா, எந்த ஆண்டு வரை என்று கேளுங்கள்.

சட்டத்துக்கு இந்திய பார் கவுன்சில், மருத்துவத்துக்கு தேசிய மருத்துவ ஆணையம், பார்மசிக்கு இந்திய பார்மசி கவுன்சில், ஆர்க்கிடெக்சருக்கு கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் என்று தனித்தனி அமைப்புகள் உள்ளன. அவற்றின் ஒப்புதல் இல்லாத கல்லூரியில் படித்தால் பட்டம் கையில் இருந்தும் தொழில் செய்யப் பதிவு கிடைக்காமல் போகலாம்.

பட்டத்தின் பெயரும் முக்கியம். புதுமையான பெயருள்ள பட்டம் அரசுப் பணித் தேர்வுகள் கேட்கும் பட்டத்துக்கு இணையானதா என்ற கேள்வி பின்னால் வரலாம். அரசு வேலை ஆசை இருந்தால் சேரும் முன்பே இதைச் சரிபாருங்கள்.

'100% பிளேஸ்மென்ட்' - நம்பலாமா?

பேனரில் இருக்கும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு இடங்களில் கணக்கு மாறும்.

முதலாவது, எத்தனை பேரில்? ஒரு வகுப்பில் 120 பேர் என்று வைத்துக்கொள்வோம். அரியர் இல்லாத 60 பேரை மட்டும் 'தகுதியானவர்கள்' என்று கணக்கில் எடுத்து, அதில் 57 பேருக்கு வேலை கிடைத்தால் பேனரில் 95% என்று வரும். மொத்த வகுப்பை வைத்துப் பார்த்தால் அது 47.5%தான்.

இரண்டாவது, சராசரிச் சம்பளம். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஆண்டுக்கு 4 லட்சம், ஒருவருக்கு மட்டும் 44 லட்சம் என்றால் சராசரி 8 லட்சம். ஆனால் அந்த 8 லட்சம் பத்துப் பேரில் ஒருவருக்குக்கூடக் கிடைக்கவில்லை. வரிசையில் நடுவில் இருப்பவரின் சம்பளமான இடைநிலைச் சம்பளத்தைப் பார்த்தால் 4 லட்சம் என்ற உண்மை தெரியும்.

இந்த இடைநிலைச் சம்பளத்தை எங்கே பார்ப்பது? மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்குக் கல்லூரிகள் தரும் விவரங்கள் பிடிஎஃப் ஆக, என்ஐஆர்எஃப் தளத்திலும் கல்லூரிகளின் தளத்திலும் இருக்கும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்று எல்லாமே அதில் வரும். இது கல்லூரியே தரும் கணக்கு, பிரிவு வாரியாகவும் இருக்காது. ஆனாலும் பேனரைவிடப் பல மடங்கு பயனுள்ளது. ரேங்க் எத்தனை என்று பார்த்துவிட்டு மூடிவிடாமல் இந்தப் பிடிஎஃபைத் திறந்து படியுங்கள்.

கடனில் உங்கள் கையெழுத்து

கட்டணம் என்றால் டியூஷன் ஃபீஸ் மட்டுமல்ல. விடுதி, மெஸ், பஸ், தேர்வு, லேப்டாப் எல்லாவற்றையும் நான்கு ஆண்டுகளுக்குக் கூட்டிப் பாருங்கள். முதல் ஆண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் இரண்டாம் ஆண்டில் திணற நேரிடும்.

2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள தரமான உயர்கல்வி நிறுவனங்களில் சேருவோருக்குச் சொத்து ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய் வரை இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3% வட்டி மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். மேனேஜ்மென்ட் சீட் என்றால் வங்கியின் நிபந்தனைகள் மாறக்கூடும். சீட்டுக்குப் பணம் கட்டும் முன்பே கிளையில் போய்க் கேட்டுவிடுங்கள்.

மற்ற கல்விக் கடன்களில் "நீ சம்பாதிக்கிற புள்ள, நீயே சேர்ந்து கையெழுத்துப் போடு" என்று உங்களைக் கேட்கலாம். போடுவது உங்கள் விருப்பம். ஆனால் இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்கட்டும். ஒன்று, இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் தவணை தவறும்போது உங்கள் சிபில் ஸ்கோரும் அடிவாங்கும். நாளை உங்கள் வீட்டுக் கடனை அது பாதிக்கும். இரண்டு, 80இ பிரிவு என்று அறியப்படும் வட்டி வரிச்சலுகை தனக்கோ, கணவன் அல்லது மனைவிக்கோ, பிள்ளைகளுக்கோ, தான் சட்டப்படி பாதுகாவலராக இருக்கும் மாணவருக்கோ வாங்கிய கடனுக்கு மட்டும்தான். தம்பி, தங்கைக்காக வாங்கினால் கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கும் இந்தச் சலுகை இல்லை.

சேர்ந்த பிறகு மனம் மாறினால்?

"இன்னைக்கே அட்வான்ஸ் கட்டுங்க, நாளைக்கு சீட் இருக்காது" என்ற அவசரம் ஒவ்வோர் ஆண்டும் நடப்பதுதான். சேர்க்கைக்கு என்று பணம் கட்டிவிட்டால் அது போனதுதான் என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

2018-ல் யுஜிசி வெளியிட்ட விதிகளின்படி, அறிவிக்கப்பட்ட கடைசிச் சேர்க்கை நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால், சிறிய நிர்வாகக் கட்டணம் போக முழுத் தொகையும் திரும்பக் கிடைக்க வேண்டும். 15 நாளுக்குள் என்றால் 90%. கடைசி நாள் முடிந்து 15 நாள் வரை 80%, 30 நாள் வரை 50%. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கவும் கூடாது. அண்மை ஆண்டுகளில் இதைவிடத் தாராளமான அறிவிப்புகளையும் யுஜிசி வெளியிட்டிருக்கிறது. அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பாருங்கள். எதற்குப் பணம் கட்டினாலும் கல்லூரிப் பெயரில் ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாமல் கொடுத்த பணத்தை எந்த விதியை வைத்தும் திரும்பக் கேட்க முடியாது.

விருப்பப் பட்டியலை யார் நிரப்புவது?

கலந்தாய்வில் கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, கிடைக்கக்கூடிய முதல் இடத்தை ஒதுக்கும். எனவே 'கிடைக்குமா' என்று பார்த்து வரிசைப்படுத்தாமல், 'கிடைத்தால் எது வேண்டும்' என்ற வரிசையில் எழுத வேண்டும். எட்டாத கல்லூரியை முதலில் போட்டால் நஷ்டம் இல்லை. சேர விருப்பமே இல்லாத கல்லூரியைப் பட்டியலில் போட்டால்தான் ஆபத்து, அதுவே கிடைத்துவிடும். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் எத்தனை விருப்பங்கள் வேண்டுமானாலும் கொடுக்கலாம், உதவி மையங்களும் உள்ளன.

இந்தப் பட்டியலை அப்பாவோ, நீங்களோ, பிரவுசிங் சென்டர்காரரோ போட வேண்டாம். ஒரு தாளில் கல்லூரி, பிரிவு, அங்கீகாரம், இடைநிலைச் சம்பளம், நான்கு ஆண்டு மொத்தச் செலவு என்று ஐந்து கட்டம் போட்டுக் கொடுங்கள். அதை மாணவரே நிரப்பட்டும், பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்கட்டும், சந்தேகம் வந்தால் உங்களுக்குப் போன் செய்யட்டும். பாஸ்வேர்டும் ஓடிபியும் கடைசி வரை அந்த மாணவர் கையிலேயே இருக்கட்டும்.