பின் எடுப்பான் (பின் ரிமூவர்)

பின் எடுப்பான் என்பது, ஸ்டேப்ளர் எனப்படும் கைப்பொறியால் அடிக்கப்பட்ட கம்பிப் பின்னைத் தாள் கிழியாதவாறு கழற்றி எடுக்க உதவும் சிறு கைக்கருவி. அலுவலகங்களிலும் எழுதுபொருள் கடைகளிலும் பின் ரிமூவர் என்ற பெயரே வழக்கில் உள்ளது. மேசை இழுப்பறைக்கு அப்பால் பெரிதும் பேசப்படாத இக்கருவிக்குத் திருப்பூர், அவிநாசி, பல்லடம், பெருமாநல்லூர் முதலிய ஊர்களை உள்ளடக்கிய பின்னலாடை வட்டாரத்தில் தனியான ஓர் இடம் உண்டு. அங்கே பின் தாளோடு நின்றுவிடாமல் துணித்துண்டின் மீதும் அடிக்கப்படுகிறது. அந்தத் துணித்துண்டோ, குழந்தைகள் அணியப்போகும் ஏற்றுமதி ஆடைகளோடு ஒரே கூரையின்கீழ்ப் புழங்குகிறது.

அமைப்பும் இயக்கமும்

ஸ்டேப்ளர் பின், துத்தநாக முலாம் பூசிய மெல்லிய எஃகுக் கம்பியைக் கவிழ்த்த ‘ப’ வடிவில் வளைத்துச் செய்யப்படுவது. அதன் கிடைப்பகுதியை முதுகு என்றும், நிமிர்ந்து நிற்கும் இரு பகுதிகளைக் கால்கள் என்றும் கொள்ளலாம். ஸ்டேப்ளரை அழுத்தும்போது கால்கள் தாள்களைத் துளைத்துக்கொண்டு இறங்கி, அடியிலுள்ள குழிவான தகட்டில் மோதி உட்புறமாக மடங்குகின்றன. இந்தியாவில் மிகுதியாக விற்கும் 10ஆம் எண் பின்னின் கம்பி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்பும், முதுகு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளமும், கால்கள் ஏறத்தாழ 5 மி.மீ. உயரமும் உடையவை. 24/6 என்று குறிக்கப்படும் பெரிய பின்னில் முதல் எண் கம்பியின் தடிப்பைக் கேஜ் கணக்கிலும், இரண்டாம் எண் காலின் உயரத்தை மி.மீ. கணக்கிலும் காட்டுகின்றன.

பின் எடுப்பான்களுள் பரவலாகக் காணப்படுவது தாடை வகை. பிளாஸ்டிக் பிடியுள்ள இரண்டு எஃகுத் தாடைகள் ஓர் அச்சில் இணைக்கப்பட்டு, நடுவிலுள்ள சுருள்வில்லால் எப்போதும் பாம்பின் வாய்போலத் திறந்தே இருக்கும். ஒவ்வொரு தாடையிலும் நுனி கூர்ந்து அடி தடித்த இரண்டு பற்கள் உள்ளன. விரல்களால் அழுத்தும்போது பற்கள் இரு பக்கமிருந்தும் முதுகின் அடியில் நுழைகின்றன. உள்ளே செல்லச் செல்லப் பல்லின் தடிப்பு மிகுவதால், ஆப்பு மரத்தைப் பிளக்கும் அதே விசையியல் முறையில் முதுகு மேலே தூக்கப்படுகிறது. மடங்கியிருந்த கால்கள் நிமிர்ந்து, வந்த துளை வழியாகவே வெளியேறுகின்றன. கால்கள் முழுவதும் நிமிர்வதற்குள் இழுபட்டால் துளை கிழியும் என்பதே இவ்வகையின் குறை. இதனால்தான் ஆவணக் காப்பகங்களில் பழைய தாள்களைப் பேணுவோர் தாடை வகையைத் தவிர்த்து, முதலில் தாளைத் திருப்பி, மடங்கிய கால்களை மெல்லிய தகட்டால் நிமிர்த்திவிட்டு, பிறகு முன்புறமாகப் பின்னை உருவி எடுக்கின்றனர்.

நாக்கு வகையில் தட்டையான எஃகுத் தகடு ஒன்றே உண்டு. அதை முதுகின் அடியில் செருகி நெம்பினால் பின் எழும்பும். கையடக்க ஸ்டேப்ளர்கள் சிலவற்றின் பின்முனையில் துருத்திக்கொண்டிருக்கும் சிறு தகடும் இதற்கானதே. அதன் பயன் தெரியாமல் பல ஆண்டுகள் ஸ்டேப்ளரை மட்டும் பயன்படுத்துவோரும் உண்டு. இடுக்கி வகை, முதுகின் நடுவைத் தூக்கி வளைப்பதன் மூலம் இரு கால்களையும் ஒருசேர நிமிர்த்துவதால் தாளுக்கு ஊறு குறைவு, விலை கூடுதல். அட்டைப்பெட்டிகளில் அடிக்கப்படும் தடித்த பின்களுக்கு நீண்ட கைப்பிடியுள்ள நெம்புகோல் வகை பயன்படுகிறது.

தோற்றம்

அமெரிக்கரான ஜார்ஜ் மெக்கில் 1879இல் காப்புரிமை பெற்ற அழுத்துபொறி, ஒரே அழுத்தில் பின்னைச் செருகி மடக்கும் பொறிகளுள் முன்னோடியானது. ஒரு நேரத்தில் ஒரு பின்னை மட்டுமே அதில் வைக்க முடிந்தது. பின்களை வரிசையாக ஒட்டிக் கட்டையாக்கும் முறை வந்த பிறகே ஸ்டேப்ளர் அலுவலகங்களில் பரவியது. கழற்றுவதற்கான கருவி அதற்கு நெடுங்காலம் பிந்தியது. சிகாகோவைச் சேர்ந்த வில்லியம் பேங்கோனின் தாடை வகைப் பின் எடுப்பானுக்கு 1932இல் விண்ணப்பித்து, 1936 மார்ச் 3 அன்று காப்புரிமை பெற்றார். அடிக்கும் பொறிக்கும் எடுக்கும் கருவிக்கும் இடையே அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி விழுந்ததற்கு, அதுவரை நகமும் பேனாக்கத்தியும் அவ்வேலையைச் செய்துவந்தமையே காரணமாகலாம்.

பின்னலாடைத் தொழிலில் பின்னின் வழி

திருப்பூரின் தொழிலமைப்பு, ஒரு கூரையின்கீழ் எல்லாம் நடக்கும் ஆலை முறையிலிருந்து வேறுபட்டது. நூல் வாங்கப்பட்டு நிட்டிங் கூடத்தில் கோராத் துணியாகிறது, அதாவது சாயமேறாத பின்னல்துணியாகிறது. அது சாயப்பட்டறைக்கும், சுருக்கம் நீக்கும் காம்பாக்டிங் கூடத்துக்கும், கட்டிங்குக்கும், பிரிண்டிங் அல்லது எம்ப்ராய்டரிக்கும், தைப்பதற்காகப் பவர் டேபிள் கூடத்துக்கும் சென்று, கடைசியில் செக்கிங், அயர்ன், பேக்கிங் ஆகிய நிலைகளை அடைகிறது. இவற்றுள் பல வேலைகள் ஜாப் ஒர்க் எனப்படும் கூலி முறையில் வேறுவேறு உரிமையாளர்களின் கூடங்களில் நடைபெறுவதால், துணி ஒவ்வொரு வாசலைக் கடக்கும்போதும் டெலிவரி சலானும், அதனுடன் இணைத்த துணி மாதிரியும் உடன் செல்கின்றன. நிறம், லாட் எண், எடை ஆகியவற்றை எழுத்தால் மட்டும் உறுதிசெய்ய முடியாது என்பதால், சலானின் மூலையில் ஓர் அங்குலத் துணியை வைத்துப் பின் அடிப்பதே எளிய சான்றாகிறது.

நிற ஒப்புதலிலும் இதே வழக்கம்தான். வெளிநாட்டு வாங்குவோர் கேட்கும் நிறத்தை ஆய்வகத்தில் சிறு அளவில் சாயமேற்றிப் பார்க்கும் லேப் டிப் துண்டுகள், ஏ, பி, சி என்று குறிக்கப்பட்டு அட்டையில் பின் அடித்து அனுப்பப்படுகின்றன. லேபிள், எலாஸ்டிக், பட்டன், தையல் நூல் ஆகியவற்றின் மாதிரிகளைத் தாங்கிய ட்ரிம் கார்டு, உற்பத்தி முடியும்வரை, வாங்குவோரின் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரின் கோப்பில் இருக்கும். நிறத்தை எண்களாக அளக்கும் ஸ்பெக்ட்ரோ கருவியில் துணித்துண்டை ஒளி ஊடுருவாதபடி பல மடிப்பாக மடித்து வைக்க வேண்டியிருப்பதால், அட்டையிலிருந்து அதைக் கழற்றியாக வேண்டும். பின் எடுப்பான் முதன்முதலில் துணியைச் சந்திப்பது இங்கேதான்.

இந்தச் சந்திப்பில் தாடை வகை பொருந்தாத கருவி. பாவும் ஊடையுமாக நெய்த துணியில் ஓரிழை அறுந்தால் அந்த இடத்தில் ஓட்டை மட்டும் விழும். பின்னல்துணியோ, ஒரே நூல் கண்ணிக்குள் கண்ணியாகக் கோத்துச் செல்லும் அமைப்புடையது. சிங்கிள் ஜெர்சி போன்ற மெல்லிய வகையில் ஒரு கண்ணி அறுந்துவிட்டால், அதே நெடுவரிசையிலுள்ள கண்ணிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று ஏணிப்படி போன்ற நீண்ட கீறல் ஓடும். தாடையின் கூர்ப்பற்கள் முதுகோடு சேர்த்து நூலையும் கவ்வுவதற்கு வாய்ப்பு மிகுதி. மடங்கிய காலும் வெளியேறும்போது கண்ணியை இழுக்கும். ஒப்புதல் கையொப்பமிட்ட ஒரே மாதிரித் துண்டு இப்படிக் கிழிந்தால், பிறகு எழும் நிறத் தகராறில் காட்டுவதற்குச் சான்று இராது. ஆகவே அட்டையின் பின்புறம் கால்களை நிமிர்த்திவிட்டு முன்புறம் நாக்குத் தகட்டால் மெதுவாக எழுப்புவதே பின்னல்துணிக்கு ஏற்ற முறை.

உலோகத் தடையும் ஊசிக் கண்டறி பொறியும்

1970களின் பிற்பகுதியில் இத்தாலிய இறக்குமதியாளரின் வருகையோடு தொடங்கிய திருப்பூரின் நேரடி ஏற்றுமதி, பின்னர் ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் சந்தைகளுக்கு விரிந்தபோது, துணியின் தரத்தோடு ஆடைக்குள் கூர்மையான உலோகம் கிடக்கக்கூடாது என்ற நிபந்தனையும் வந்து சேர்ந்தது. ஜப்பானில் 1994இல் இயற்றப்பட்டு 1995 ஜூலையில் நடைமுறைக்கு வந்த உற்பத்திப்பொருள் பொறுப்புச் சட்டம், பொருளின் குறைபாட்டால் நேரும் காயத்துக்கு உற்பத்தியாளரையும் இறக்குமதியாளரையும் பொறுப்பாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பொதுப் பொருள் பாதுகாப்பு விதி 2024 டிசம்பர் 13 முதல் நடைமுறையில் உள்ளது. இத்தகைய சட்டங்களுக்கு அஞ்சியே வாங்குவோர் தத்தம் உலோகக் கட்டுப்பாட்டு விதிகளைத் தொழிற்சாலைகள்மீது விதிக்கின்றனர். உடைந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் கொடுத்துப் பதிவேட்டில் ஒட்டிய பிறகே டெய்லருக்குப் புது ஊசி தரப்படும் என்பது இவ்விதிகளுள் பலரும் அறிந்தது. தையல் கூடத்திலும் பேக்கிங்கிலும் ஸ்டேப்ளர், குண்டூசி, சேஃப்டி பின் ஆகியவற்றுக்கு இடமில்லை என்பதும் அதே பட்டியலில் வருவது.

தடை எழுதிவைத்தால் மட்டும் பின் நுழையாமல் இருப்பதில்லை. லேபிள் உறைகளும் பட்டன் பொட்டலங்களும் விற்பவர் கடையிலேயே பின் அடிக்கப்பட்டு வருகின்றன. ஜாப் ஒர்க் முடிந்து திரும்பும் கட்டின் மேல் சலான் பின்னோடு தொங்குகிறது. எனவே முறையாக நடக்கும் நிறுவனங்களில், பொருள் உள்ளே வரும் ஸ்டோர் பகுதியே எல்லையாக வகுக்கப்பட்டு, பின் எடுப்பானும் மூடியுள்ள சேகரிப்புப் பெட்டியும் அங்கே வைக்கப்படுகின்றன. கழற்றிய பின் துள்ளி விழுந்து துணிக்குள் புகுந்துவிட்டால் கழற்றாமல் இருந்ததைவிடக் கேடு என்பதால், பெட்டியில்லாத பின் எடுப்பான் பாதிக் கருவியே. தரையில் சிதறுபவற்றைச் சக்கரம் பூட்டிய காந்தத் தண்டால் திரட்டுவதும் உண்டு.

பேக்கிங்குக்கு முன் ஆடைகள் கடந்து செல்லும் ஊசிக் கண்டறி பொறி, காந்தப்புலத்தில் இரும்பு ஏற்படுத்தும் மாற்றத்தை உணர்ந்து பட்டையை நிறுத்துவது. 1.0 அல்லது 1.2 மி.மீ. விட்டமுள்ள இரும்புக் கோளத்தைக் கொண்டு அதன் நுண்ணுணர்வு சோதிக்கப்படுகிறது. 1.0 மி.மீ. கோளத்தின் கன அளவு ஏறத்தாழ அரைக் கன மில்லிமீட்டர். 10ஆம் எண் முழுப் பின்னில் அதைப்போல் பல மடங்கு எஃகு உள்ளதால், முழுப் பின் பொறியிடம் தப்புவது அரிது. ஆனால் எடுக்கும்போது ஒடிந்து தங்கிவிட்ட இரண்டு மி.மீ. கால்துண்டில் கோளத்தினும் குறைவான எஃகே உண்டு. அது கிடக்கும் திசையைப் பொறுத்து அகப்படலாம், தப்பவும் செய்யலாம். கூர்முனை உள்ளதும் அத்துண்டில்தான். ஆகவே பொறி இருக்கிறது என்ற துணிவில் முரட்டுத்தனமாகப் பின் பிடுங்குவது, பொறியின் கண்ணுக்கு எட்டாத அளவில் ஆபத்தை நறுக்கிக் கொடுப்பதாகவே முடியும்.

வெளுப்பு நிலையில் கேடு வேறு வகையானது. பருத்திப் பின்னல்துணி, காரம் கலந்த ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலில் கொதிநிலையை ஒட்டிய வெப்பத்தில் வெளுக்கப்படுகிறது. அத்துணியில் இரும்புத் துணுக்கு ஒட்டியிருந்தால், அது வினையூக்கியாகச் செயல்பட்டு அந்தப் புள்ளியில் மட்டும் பெராக்சைடை விரைந்து சிதைக்கும். அங்குள்ள செல்லுலோஸ் ஆக்சிகரணமடைந்து வலுவிழந்து, குண்டூசி குத்தியது போன்ற ஓட்டை விழும். துருக்கறை மட்டுமாயின் ஆக்சாலிக் அமிலத்தால் நீக்க முயலலாம். வினையூக்கச் சிதைவுக்கு மாற்று இல்லை. கோராத் துணி ரோலில் பின் அடித்த சீட்டுக்குப் பதில் தைத்த சீட்டோ மையெழுத்தோ விரும்பப்படுவது இதனாலேயே.

ஏற்றுமதி அட்டைப்பெட்டிகளும் இந்தக் கட்டுப்பாட்டுக்குத் தப்பவில்லை. ஓரம் சேருமிடத்தில் தட்டைக் கம்பியால் பின் அடித்த பெட்டிகளை விலக்கி, பசையால் ஒட்டியவற்றையே கேட்பது பல வாங்குவோரின் வழக்கம். விலைச்சீட்டுகள் டேக் கன் எனும் கருவியால் பிளாஸ்டிக் இழைகொண்டு பிணைக்கப்படுகின்றன. உணவுத்துறையிலும் இதற்கு இணையான போக்கைக் காணலாம்: இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2017இல் தேநீர்ப் பைகளில் பின் அடிப்பதைக் கைவிடுமாறு பணித்தது.

வங்கிகளும் அலுவலகங்களும்

சனிக்கிழமைதோறும் வாரச் சம்பளம் வழங்கும் வழக்கமுள்ள திருப்பூரில் ரூபாய் நோட்டுக் கட்டுகளின் புழக்கம் மிகுதி. 100 நோட்டுகள் கொண்ட கட்டைத் தடித்த பின்னால் இறுக்கும் பழக்கம் வங்கிகளில் நெடுநாள் இருந்தது. நெம்பிப் பிரிக்கும்போது நோட்டின் ஓரங்கள் கிழிந்தன. இந்திய ரிசர்வ் வங்கி தன் தூய நோட்டுக் கொள்கையின் ஒரு கூறாக, வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 35ஏ பிரிவின்கீழ் 2001 நவம்பர் 7 அன்று பிறப்பித்த ஆணையில், கட்டுகளில் பின் அடிப்பதை நிறுத்தித் தாள்பட்டையால் சுற்றுமாறு கட்டளையிட்டது. நோட்டு எண்ணும் பொறிக்கும், தாளைத் தானே உள்ளிழுக்கும் ஸ்கேனருக்கும் பின் பகையாகும். கணக்குப் பிரிவிலும் தணிக்கையாளர் அலுவலகத்திலும் பழைய கோப்புகளை மின்படியாக்கும்போது பின் எடுப்பானே முதலில் கைக்கு வருகிறது.

தாளுக்குத் தாடை வகை போதுமானது. விரைவும் மலிவும் அதன் பலம். துணி மாதிரிகளைக் கையாளும் மெர்ச்சண்டைசிங், ஆய்வகம், ஸ்டோர் ஆகிய பகுதிகளுக்கு மழுங்கிய நுனியுள்ள நாக்கு வகையோ இடுக்கி வகையோதான் தகும். தாடை வகையைக் கணக்குப் பிரிவோடு நிறுத்திக்கொள்வதே பின்னலாடை நிறுவனத்துக்கு ஏற்றது.