எண்ணச் சுழற்சி நோய்: சிகிச்சை முறைகள்

எண்ணச் சுழற்சி நோய் (ஓசிடி) என்பது வேண்டாத எண்ணமோ ஐயமோ ஓயாமல் வந்து, அதனால் எழும் பதற்றம் தணிய ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோய். கை கழுவுவது, பூட்டை இழுத்துப் பார்ப்பது, எண்ணுவது ஆகியவை பலரும் அறிந்த வடிவங்கள். சாமி கும்பிடும்போது தகாத எண்ணம் வந்துவிட்டதென்று கன்னத்தில் போட்டுக்கொண்டே இருப்பவர்களும் உண்டு. இவர்களில் பலர் வெட்கத்தால் வெளியே சொல்வதில்லை. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த 2015–16 தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் ஏறத்தாழ 0.8 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாகக் கணித்தது.

முன்வரலாறு

பிரெஞ்சு மருத்துவர் எஸ்கிரோல் 1838-இல் வெளியிட்ட நூலில் இதை, ஒரே எண்ணத்தில் மனம் சிக்கும் ‘ஒற்றைப் பித்து’ வகையில் சேர்த்தார். அறிவு தெளிவாக இருக்கும்போதே, விருப்பத்துக்கு மாறாக வந்து புகும் எண்ணம் என்று ஜெர்மனியின் வெஸ்ட்ஃபால் 1877-இல் வரையறுத்தார். இன்றைய வரையறையின் எலும்புக்கூடு அதுவே. 1903-இல் பியேர் ஜானே இதை மன ஆற்றல் குன்றுவதன் விளைவாகக் கண்டார். 1909-இல் ஃபிராய்டு ‘எலி மனிதன்’ என அறியப்படும் நோயாளியின் கதையை எழுதினார். அதன்பின் அரை நூற்றாண்டு அவரது உளப்பகுப்பாய்வு முறையே கோலோச்சியது. நோயாளிக்கு விளக்கம் கிடைத்தது. குணம் கிடைத்தது அரிது.

திருப்பம் 1966-இல் லண்டனில் வந்தது. விக்டர் மேயர் என்ற உளவியலாளர், கழுவுதலை நிறுத்த முடியாத நோயாளியை அஞ்சிய பொருளையே தொடவைத்து, பிறகு கழுவ விடாமல் செவிலியரைக் காவல் வைத்தார். தண்ணீர்க் குழாயும் அடைக்கப்பட்டது. பதற்றம் ஏறியது, பின் தானாக இறங்கியது. கொடுமையாகத் தோன்றிய இம்முறைதான் இன்றுவரை நிலைத்த உளவியல் சிகிச்சை. ஏறத்தாழ அதே காலத்தில், மனச்சோர்வு மருந்தான குளோமிப்ரமின் இந்நோய்க்கும் கேட்கிறது என்று ஸ்பெயின் மருத்துவர்கள் கண்டறிந்தனர்.

இந்தியாவில் 1975-இல் சண்டிகர் மருத்துவர்கள் 82 நோயாளிகளின் அறிகுறிகளை வகைப்படுத்தி எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோளாகிறது. நீண்ட காலம் பதற்ற நோய்களோடு சேர்த்து வைக்கப்பட்டிருந்த ஓசிடியை, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேடு 2013-இல் தனித் தொகுதியாகப் பிரித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11-ஆம் திருத்தமும் அவ்வாறே செய்தது.

சிகிச்சை

நடைமுறையில் முதலில் தரப்படுவது மாத்திரை: ஃபுளூவாக்சமின், ஃபுளூவாக்செடின், செர்ட்ரலின் போன்றவை. மனச்சோர்வுக்கு வேண்டியதைவிடக் கூடிய அளவு இந்நோய்க்குத் தேவைப்படும். ஃபுளூவாக்செடின் நாளுக்கு 80 மில்லிகிராம் வரைகூடப் போகலாம். பலன் தெரிய 10 முதல் 12 வாரம் ஆகும். ‘மூணு வாரம் போட்டேன், கேக்கல’ என்று நிறுத்துவதும் சிகிச்சை தோற்பதற்கு ஒரு காரணம். குணம் தெரிந்த பிறகும் ஓரிரு ஆண்டுகள் தொடர வேண்டும். போதாதபோது குளோமிப்ரமினுக்கு மாற்றுவர், அல்லது ரிஸ்பெரிடோன், அரிபிபிரசோல் சிறு அளவில் சேர்ப்பர்.

மேயர் வழிவந்த சிகிச்சை 13 முதல் 20 அமர்வுகள் நடக்கும். கடையில் வாங்கிய சில்லறையைத் தொட்டுவிட்டுக் கை கழுவாமல் அரை மணி இருப்பது போன்ற எளிய படியில் தொடங்கிப் படிப்படியாக ஏறுவார்கள். இதில் குடும்பத்தின் பங்கு பெரிது. ‘கதவைப் பூட்டிட்டேம்மா, போய்ப் படு’ என்று தாய் பத்தாவது முறை சொல்வது பரிவுதான். ஆனால் நோயை ஊட்டி வளர்ப்பதும் அதுவே. தீட்டு, மடி பார்க்கும் வீடுகளில் நோயை ஆசாரமாக எடுத்துக்கொண்டு ஆண்டுகளை இழப்பதும் நடக்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம் உறவினரையும் உடன் தங்கவைத்துச் சிகிச்சை தருவது இங்கே பொருத்தமான ஏற்பாடு.

மருந்துக்கு மசியாத சிலருக்குக் காந்தத் தூண்டல், மூளைக்குள் மின்முனை பொருத்துதல் ஆகியவை உண்டு. மூளை அறுவைக்கு நோயாளியின் ஒப்புதலோடு மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதியும் வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம்.

கீழ்பென்னாத்தூர் வட்டத்தில்

திருவண்ணாமலை–செஞ்சிச் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூர் மக்களுக்கு அருகிலுள்ள பெரிய அரசு மருத்துவமனை திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரியுடையது. தமிழ்நாட்டில் 1997-இல் திருச்சியில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் பின்னர் எல்லா மாவட்டங்களுக்கும் வந்தது. 2022 முதல் 14416 என்ற இலவச எண்ணில் தமிழில் மனநல ஆலோசனை கிடைக்கிறது.