அசலரின் வாள் சென்ற வழி

கியோட்டோவின் டோஜி கோயில் விரிவுரை மண்டபத்தில், வலக்கையில் வாளும் இடக்கையில் பாசக்கயிறுமாக, தீச்சுவாலை சூழ அமர்ந்திருக்கிறார் ஃபுடோ மியோ. ஜப்பானிய வாள்வீரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்ட தெய்வம் இவர். வடமொழியில் இவர் பெயர் அசலர், அதாவது அசையாதவர். இந்தியாவிலிருந்து போனவர்.

பௌத்த தந்திர மரபு அசலரை உருவாக்கியது. வேள்வித்தீ, மந்திரம், முத்திரை ஆகியவற்றை அந்த மரபு வைதிக, சைவ வழிபாடுகளோடு பகிர்ந்துகொண்டது. கோரைப்பல்லும் உக்கிரப் பார்வையும் கொண்ட அசலரைக் காணும் நம்மவருக்குப் பைரவர் நினைவு வருவது இயல்பே. கையில் வாள் இருப்பது அறியாமையை அறுக்க. பாசம் இருப்பது தீமையைக் கட்டிப்போட.

அவருடைய உருவத்தை விவரிக்கும் மகாவைரோசன சூத்திரத்தை, நாளந்தாவிலிருந்து சென்ற சுபகரசிம்மர் 8ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் சீனத்தில் மொழிபெயர்த்தார். அதே காலத்தில் கடல்வழியே போய்ச் சேர்ந்தவர் வஜ்ரபோதி. காஞ்சியில் பஞ்சம் வந்தபோது பல்லவ மன்னன் வேண்ட, இவர் வழிபாடு செய்து மழை வருவித்தார் என்று சீன வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. இலங்கை, ஸ்ரீவிஜயம் வழியாகச் சீனம் சென்ற இவர் பெயரில் அசலர் வழிபாட்டு நூல் ஒன்றும் உண்டு. இவருடைய மாணவர் அமோகவஜ்ரர். அவருடைய மாணவர் ஹுய்குவோ.

804இல் ஜப்பானிலிருந்து கப்பலேறிய குகாய் என்ற துறவி, சாங்கான் நகரில் ஹுய்குவோவிடம் தீட்சை பெற்றார். 806இல் சுவடிகளோடும் மண்டல ஓவியங்களோடும் நாடு திரும்பினார். அவர் நிறுவிய ஷிங்கோன் மரபில் ஹோமம் இன்றும் ‘கோமா’ என்ற பெயரில் நடக்கிறது. அசலரின் பீஜாட்சரமான ‘ஹாம்’, பிராமியின் வழிவந்த சித்தம் எழுத்திலேயே எழுதப்படுகிறது.

கோயிலிலிருந்து போர்க்களத்துக்கு இவர் வெகு விரைவில் வந்துவிட்டார். 10ஆம் நூற்றாண்டில் டைரா நோ மசகாடோ கலகம் செய்தபோது, அதை அடக்க வேண்டி அசலர்முன் கோமா வளர்த்ததாக நரிட்டா கோயிலின் தலவரலாறு கூறுகிறது. பிறகு வாளலகுகளிலேயே அவருடைய பீஜாட்சரத்தையும், நாகம் சுற்றிய வாளையும் செதுக்கத் தொடங்கினார்கள்.

பயணத்தின் உச்சம் 17ஆம் நூற்றாண்டில் வந்தது. டோக்குகாவா ஆட்சியாளரின் வாட்பயிற்சி ஆசானான யக்யு முனெனோரிக்கு, டக்குவான் சோஹோ என்ற ஜென் துறவி எழுதிய மடல் அது. அசலரின் அசையாமை கல்லின், மரத்தின் அசையாமை அன்று என்கிறார் டக்குவான். பத்துப் பேர் அடுத்தடுத்து வாள் வீசினாலும், ஒரு வீச்சைத் தடுத்ததும் மனம் அதிலேயே தங்காமல் அடுத்ததற்கு நகர்ந்தால் பத்தையும் தடுக்கலாம். எத்திசையிலும் ஓடக்கூடிய மனம் எதிலும் சிக்காதிருப்பதே அசையாமை. ஆயிரம் கைகொண்ட அவலோகிதேஸ்வரரையும் சான்றாகக் காட்டுகிறார்: ஒரு கையில் மனம் நின்றுவிட்டால் மீதிக் கைகள் பயன்படா. ஜப்பானியத் தற்காப்புக் கலைகளில் ‘ஃபுடோஷின்’ என்று போற்றப்படும் மனநிலை இதுவே. போர்க்களத்தில் நிற்கும் அர்ச்சுனனுக்குக் கண்ணன் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் சொல்லும் நிலைபெற்ற அறிவை இதனருகில் வைத்துப் படிக்கலாம். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்பதற்குச் சான்றில்லை. இரண்டும் ஒரே கேள்விக்கு விடை தேடுகின்றன.

காஞ்சியிலிருந்து போதிதர்மர் போய்ப் போர்க்கலை கற்பித்தார் என்று நாம் பெருமையோடு சொல்கிறோம். அதற்கு மூலமாகக் காட்டப்படும் யிஜின்ஜிங் 17ஆம் நூற்றாண்டு நூல் என்பது ஆய்வாளர் முடிவு. அசலரின் பயணத்துக்கோ மொழிபெயர்ப்புகளும் குருபரம்பரையும் சிலைகளும் சாட்சியாக இருக்கின்றன. இந்தியா கொடுத்தது அடிமுறையை அல்ல, வாள் பிடித்தவன் மனத்துக்கு ஒரு தெய்வத்தை. அந்தத் தெய்வத்தைக் கொண்டு ஒரு போர்நெறியை வளர்த்த பெருமை ஜப்பானியருடையது. காஞ்சியின் பெருமையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது வஜ்ரபோதியின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.